குடல் தையலும் புயல் கூண்டும்: அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் சிக்கலைக் கணினி எப்படிக் கணிக்கிறது?

குடல் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், வார்டு வாசலில் நிற்கும் உறவினர் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தாம்: எப்போது சாப்பிடக் கொடுக்கலாம், எப்போது வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். இரண்டுக்கும் மருத்துவர் தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிறார் என்றால், அவர் மனத்தில் இருப்பது வெளியே தெரியும் வயிற்றுத் தையல் அன்று. உள்ளே, குடலின் இரு முனைகளைச் சேர்த்துப் போட்டிருக்கும் இணைப்பு. அது பிடித்துக்கொண்டதா என்பது மூன்றாம் நாளில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த உறுதியின்மையை ஓர் எண்ணாக அளந்து சொல்ல முடியுமா என்ற முயற்சியில்தான் இயந்திரக் கற்றல் என்னும் கணினி முறை இந்த வார்டுக்குள் நுழைகிறது.

முதலில் அறுவையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். புற்றுநோய், அடைப்பு, குடல் முறுக்கு, டைபாய்டினாலோ காசநோயினாலோ விழுந்த ஓட்டை எனப் பல காரணங்களால் குடலின் ஒரு பகுதி கெட்டுப்போகும்போது, அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய முனைகளைக் கைத்தையலாலோ ஸ்டேப்ளர் கருவியாலோ இணைப்பார்கள். பாம்பன் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர் போடும் முடிச்சு, இறுக்கிய கணத்திலேயே தன் முழு வலிமையோடு இருக்கும். குடல் தையல் அப்படிப்பட்டதன்று. அங்கே நூல் தற்காலிகமான ஓர் ஊன்றுகோல். இரத்தம் வந்து சேர்ந்து, திசு வளர்ந்து, முனைகள் தாமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்களில் பழைய நார்ப்பொருள் கரைந்து, புதியது போதிய அளவு உருவாகாத ஓர் இடைவெளி இருப்பதால், இணைப்பு போட்ட அன்றைவிடப் பிற்பாடு வலுக்குறைந்திருக்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். கசிவு பெரும்பாலும் 5ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளை ஒட்டி வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மலம் வயிற்றறைக்குள் கசிந்துவிட்டால் சீழ் கட்டும். கிருமித் தொற்று இரத்தத்தில் பரவும். மறுபடியும் வயிற்றைத் திறக்க நேரும். சிலர் பிழைக்காமலும் போவார்கள். காயத்தில் சீழ் வைத்தல், குடல் அசைவற்றுப் போதல், நிமோனியா, கால் இரத்தக் குழாயில் (சிரையில்) இரத்தம் உறைதல் ஆகியவையும் சிக்கல்கள்தாம். ஆனால் அறுவை மருத்துவரின் தூக்கத்தைக் கெடுப்பது கசிவே என்பதால், இக்கட்டுரை அதையே பிடித்துக்கொண்டு செல்கிறது.

கசிவு யாருக்கு வரக்கூடும் என்பதைப் பற்றி மருத்துவத்துக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும். இணைப்பு ஆசனவாயை நெருங்க நெருங்க ஆபத்து கூடும். புகைபிடிப்பவர், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர், இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைந்தவர், அவசரமாக அறுவைக்குக் கொண்டுவரப்பட்டவர், அறுவையின்போது இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர் ஆகியோருக்கும் கூடுதல். இவற்றையெல்லாம் எண்ணாக்கும் முயற்சியும் கணினிக்கு முந்தியது. நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்க மயக்கவியலாளர்கள் 1941இலேயே வகுத்தார்கள். 2007இல் அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் குழு, அறுவையின்போது இழந்த இரத்தம், இதயத் துடிப்பின் மிகக் குறைந்த அளவு, இரத்த அழுத்தத்தின் மிகக் குறைந்த சராசரி ஆகிய மூன்றை மட்டும் கொண்டு பத்துக்கு மதிப்பெண் போடும் எளிய முறை ஒன்றைத் தந்தது. காகிதமும் பேனாவும் போதும். இந்த எளிமையை மறந்துவிட்டுக் கணினியைக் கொண்டாடுவதில் எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் இயந்திரக் கற்றல் புதிதாக என்ன செய்கிறது? நம் கரையிலிருந்தே தொடங்கலாம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் மூத்த மீனவர் ஒருவர், காலையில் வானத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்து, ‘இன்று பிற்பகலில் காற்று எழும்’ என்கிறார். அவருக்கு இந்த விதியை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பல ஆயிரம் காலைகளும், அந்தந்த நாளின் மாலைகளும் அவர் நினைவில் இணை இணையாகச் சேர்ந்திருக்கின்றன. இயந்திரக் கற்றலின் அடிப்படையும் இதே இணைதான். ஒவ்வொரு பழைய நோயாளிக்கும் ஒரு வரிசை. வயது, சர்க்கரை அளவு, அல்புமின், புகைப்பழக்கம், அறுவைக்கு எடுத்த நேரம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ‘கசிந்தது’ அல்லது ‘கசியவில்லை’. இப்படிச் சில ஆயிரம் வரிசைகளைக் கணினியிடம் கொடுத்தால், அது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏதோ ஓர் எடையை வைத்துக் கடைசிக் கட்டத்தை ஊகித்துப் பார்க்கும், உண்மையோடு ஒப்பிடும், தவறு குறையும் திசையில் எடைகளைச் சிறிது மாற்றும், மறுபடி ஊகிக்கும். தவறு இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை இது தொடரும்.

எடைகளைக் கூட்டி நிகழ்தகவாக மாற்றும் மிக எளிய முறைக்கு லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்று பெயர்; புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1958இல் இதைத் தெளிவாக முன்வைத்தார். ‘அல்புமின் 3.5க்குக் கீழா? ஆம் என்றால், அவசர அறுவையா?’ என்று கிளை கிளையாகக் கேட்டுச் செல்லும் முறை முடிவு மரம். அத்தகைய நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து அவற்றின் வாக்கை எண்ணும் முறையை லியோ பிரைமன் 2001இல் வெளியிட்டு, பொருத்தமாகவே அதற்குக் காடு என்று பெயர் வைத்தார். மரங்களின் காடு, இரண்டு காரணிகள் சேர்ந்து வரும்போது மட்டும் எழும் ஆபத்தைத் தானே கண்டுகொள்ளும். எளிய கூட்டலுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆயினும், நோய்க் கணிப்பில் இந்த நவீன முறைகள் பழைய லாஜிஸ்டிக் முறையைவிடச் சராசரியாகச் சிறந்தவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2019இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லைக் கேட்டதும் மலைக்க வேண்டியதில்லை.

கற்றலில் ஒரு பொறி உண்டு. ஒருவர் நீலக் கட்டம் போட்ட லுங்கி கட்டிப்போன இரண்டு நாளும் நண்டு நிறையக் கிடைத்தது என்பதற்காக, நண்டுக்கும் லுங்கிக்கும் முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? அவருடைய பழைய நாட்களை அந்த விதி பிசகாமல் விளக்கும், நாளைக்கு உதவாது. கட்டங்கள் அதிகமாகவும் நோயாளிகள் குறைவாகவும் இருக்கும்போது கணினியும் இத்தகைய லுங்கி விதிகளை ஏராளமாகக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் தரவின் ஒரு பகுதியைக் கணினியின் கண்ணில் காட்டாமல் ஒதுக்கிவைத்து, கற்று முடித்த பின் அதில் சோதிக்கிறார்கள். ஒதுக்கிய பகுதியில் என்ன மதிப்பெண் வந்தது என்று சொல்லாத எந்த அறிவிப்பையும் நம்பவேண்டியதில்லை.

இன்னொரு பொறி இதைவிடக் கள்ளமானது. கணிப்பு எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்: அறுவைக்கு முன்பா, மேசையில் தையல் முடிந்தவுடனா, மூன்றாம் நாள் காலையிலா? அந்த நேரத்துக்குப் பின் தெரியவந்த எதுவும் கட்டங்களில் இருக்கக்கூடாது. ‘5ஆம் நாள் ஆன்டிபயாடிக் மாற்றப்பட்டது’, ‘வயிற்று சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது’ என்பவை தரவில் இருந்துவிட்டால், கணினி கசிவை அபாரமாகக் கண்டுபிடிப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது கண்டுபிடித்தது, மருத்துவருக்கு ஏற்கெனவே சந்தேகம் வந்துவிட்டது என்பதைத்தான். இந்தப் பிழையைத் தரவுத் துறையினரும் ‘கசிவு’ என்றே அழைக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கையான தற்செயல்.

இனி, வெளிவரும் எண்ணைப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். வாசகர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால், பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி நாளிதழ்களில் வரும். கூண்டுகள் 11 எண்கள் வரை உண்டு. 1ஆம் எண் ஏறினால் பாம்பனைப் புயல் தாக்கும் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. தொலைவில் ஏதோ உருவாகிறது, கவனமாக இருக்கவேண்டும் என்றே கொள்கிறார்கள். இந்தக் கரைக்காரர்களுக்கு அளவாக எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கம் பிறப்பிலேயே உண்டு. அதையே வார்டுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 1000 பேருக்குக் குடல் இணைப்பு அறுவை நடக்கிறது; 60 பேருக்குக் கசிவு வரப்போகிறது. பழைய வரிசைகளில் கற்று முடித்த கணினிக் கணிப்புமுறையை ‘மாதிரி’ என்பார்கள். நம்முடைய மாதிரி, கசியப்போகிறவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும். கசியாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. 60 பேரில் 48 பேருக்கு எச்சரிக்கை எழும். 12 பேர் தப்பிவிடுவார்கள். மிச்சமுள்ள 940 பேரில் 752 பேரைச் சரியாக விட்டுவிடும். ஆனால் 188 பேருக்கு வீணாக மணி அடிக்கும். ஆக, எச்சரிக்கை எழுந்த 236 பேரில் உண்மையில் கசியப்போவது 48 பேருக்கு மட்டுமே, அதாவது ஐந்தில் ஒருவருக்கு. எச்சரிக்கை எழாத 764 பேரிலோ 752 பேருக்கு ஒன்றும் நேராது. இது 98 விழுக்காட்டுக்கும் மேல். நிகழ்ச்சி அரிதாக இருக்கும்போது இப்படித்தான் ஆகும். மாதிரி மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. ‘வரும்’ என்று அது சொல்வதைவிட ‘வராது’ என்று சொல்வதே நம்பத்தகுந்தது என்றுதான் பொருள்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் புரதத்தை இரத்தத்தில் அளப்பது வழக்கமான ஒரு சோதனை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அறுவைக்குப் பின் மூன்றாம் நாளில் அது லிட்டருக்கு 172 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், கசிவு இல்லை என்ற முடிவு 97 விழுக்காடு சரியாக இருக்கும். மேலே இருந்தால், கசிவு உண்டு என்ற முடிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறைதான் சரியாக இருக்கும். ஒரே ஓர் இரத்தச் சோதனை இவ்வளவு செய்யும்போது, முப்பது கட்டங்களை விழுங்கும் மாதிரி அதைவிட எவ்வளவு மேலே போகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

மாதிரியின் தரத்தைச் சொல்ல ஆய்வாளர்கள் 0.5இலிருந்து 1 வரை ஓர் அளவைப் பயன்படுத்துவார்கள். கசிந்தவர் ஒருவரையும் கசியாதவர் ஒருவரையும் கண்ணை மூடி எடுத்தால், கசிந்தவருக்கு மாதிரி கூடுதல் எண் கொடுத்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அந்த அளவு. 0.5 என்றால் நாணயம் சுண்டியதுபோல. 1 என்றால் ஒருபோதும் பிசகவில்லை. ஆனால் இது வரிசைப்படுத்தும் திறனை மட்டுமே காட்டுகிறது. ‘20 விழுக்காடு’ என்று மாதிரி சொன்ன நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் அவர்களில் ஏறத்தாழ 20 பேருக்குக் கசிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த நேர்மை தனியாகச் சோதிக்கப்பட வேண்டியது. தராசு பெரிய மீனையும் சின்ன மீனையும் சரியாகப் பிரித்துக் காட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் அரைக் கிலோ கூட்டிச் சொன்னால் ஏலத்தில் ஒத்துக்கொள்வோமா?

அந்தத் தராசு பெரும்பாலும் கெடுவது இடம் மாறும்போதுதான். இராமேசுவரம் தீவில் உள்ளவர்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, தென்கடல் ஆழமானது, காற்றுக்கு இரண்டும் ஒரே மாதிரி எழுவதில்லை. வடகடலிலேயே பழகியவர் தென்கடலில் படகை விடும்போது தன் கணக்கைத் திருத்திக்கொள்வார். வெளிநாட்டுப் பெருமருத்துவமனை ஒன்றில், முன்கூட்டித் திட்டமிட்ட புற்றுநோய் அறுவைகளில் கற்ற மாதிரியை, நள்ளிரவில் குடல் ஓட்டையோடு வந்திறங்கும் நோயாளிக்கு அப்படியே பொருத்துவது, திருத்தாத கணக்கோடு கடல் மாறிப் போவதுதான். வேறுபாடு சிறியதன்று. 66 நாடுகளில் வயிற்று, குடல் அறுவை செய்துகொண்ட 12,539 பேரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டவர்கள் மனித வளர்ச்சிக் குறியீட்டில் உயர்ந்த நாடுகளில் 9.4 விழுக்காடு, நடுத்தர நாடுகளில் 14.0, தாழ்ந்த நாடுகளில் 23.2. பணக்கார நாட்டிலேயேகூட இந்தத் தடுமாற்றம் நேர்ந்திருக்கிறது: அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் புழங்கிய, இரத்தத் தொற்றை எச்சரிக்கும் மாதிரி ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் தனியாகச் சோதித்தபோது, தொற்று வந்தவர்களில் மூன்றில் இரு பங்கினரை அது தவறவிட்டிருந்தது 2021இல் தெரியவந்தது.

அளவையில்கூட ஒரு சின்னக் கண்ணி உண்டு. சி.ஆர்.பி.யைச் சில ஆய்வகங்கள் லிட்டருக்குக் குறிக்கின்றன, சில டெசிலிட்டருக்கு. 15 என்பதும் 150 என்பதும் ஒரே நோயாளியின் ஒரே இரத்தமாக இருக்கலாம். கணினி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாது.

நம் கரைக்குரிய மாதிரியை நாமே கற்பித்தால் என்ன? செய்யவேண்டியதுதான். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, நோயாளிகளுக்கும் குறைவில்லை. சிக்கல் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஒருவருக்கு இங்கே அறுவை நடந்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார் என்று கொள்வோம். எட்டாம் நாள் காய்ச்சலும் வயிற்று உப்பலும் வந்ததும், வீட்டார் பதறி நேராக மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மறு அறுவை நடக்கிறது. இங்குள்ள கேஸ் ஷீட்டில் கடைசி வரி என்ன? ‘நலமுடன் வீடு திரும்பினார்.’ கணினிக்கு அதுவே உண்மை. இத்தகைய நோயாளிகள் பத்துப் பேர் சேர்ந்தால், மிகவும் ஆபத்தான உடல்நிலை பாதுகாப்பானது என்று அது கற்றுக்கொள்ளும். ஆகவே மென்பொருள் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை, அறுவையான 30ஆம் நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவது. இதில் கவர்ச்சி ஒன்றும் இல்லை; ஆனால் மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. அதுபோல், அல்புமின் கட்டம் வெறுமையாக இருந்தால் அதற்கும் பொருள் உண்டு. நள்ளிரவு அவசரத்தில் அந்தச் சோதனைக்கு நேரமில்லாமல் போயிருக்கும். அந்த அவசரமே ஓர் ஆபத்துக் குறி. வெற்றிடத்தைச் சராசரியால் நிரப்பிவிட்டால் அந்தக் குறி அழிந்துவிடும். (பெயர், முகவரி நீக்கிய தரவைத்தான் இதற்கெல்லாம் பயன்படுத்தவேண்டும் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை, மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்டிருக்கிறது.)

கணிப்பைக் காரணம் என்று எண்ணிவிடுவது மற்றொரு பிழை. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கக்கூடும் என்று கணினிக்குக் கற்பித்தபோது, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அது கண்டது. தரவு பொய்யில்லை: ஆஸ்துமாக்காரர்களை மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததால் அவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். அந்தக் கணிப்பை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? குடலிலும் இதே நிலை உண்டு. இணைப்பு ஆறும்வரை மலத்தை மேலேயே திருப்பிவிட, வயிற்றில் தற்காலிகமாகப் பை வைப்பார்கள். ஆபத்து அதிகமுள்ளவருக்குத்தான் அதை வைப்பார்கள் என்பதால், பை வைத்தவர்களிடம் சிக்கல் மிகுதியாகத் தெரியலாம். பை சிக்கலைக் கொண்டுவந்தது என்று அதிலிருந்து முடிவு கட்டக்கூடாது.

எத்தனை விழுக்காட்டில் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டும் என்ற கேள்வி எஞ்சுகிறது. இதைப் பலர் கணினியே தீர்மானிக்கும் என்று நினைக்கிறார்கள். கணினி எண்ணைத்தான் தரும். கோட்டை எங்கே கிழிப்பது என்பது மனிதர் முடிவு, அது ஊருக்கு ஊர் மாறலாம், மாறவும் வேண்டும். மதுரையில் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு ஆறாம் நாள் வயிறு உப்பினால் அரைமணி நேரத்தில் வந்துவிடுவார். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு மேலும் 110 கிலோமீட்டருக்கு மேல். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து நோயாளியை வெளியே கொண்டுவர இரயில் அல்லது படகுதான். இன்று 108 வண்டி வருகிறது என்றாலும், கசிவு தொடங்கிய பின் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. ஆகவே மதுரைக்காரருக்கு 15 விழுக்காட்டில் கிழிக்கும் கோட்டை, இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்காரருக்கு 8இலேயே கிழிப்பது அறிவுடைமை. அதற்கு விலையும் உண்டு: வீணாகக் காத்திருப்போர் எண்ணிக்கை கூடும், படுக்கை நிரம்பும், கூலிக்குப் போகிறவரின் மனைவியோ மகனோ இன்னும் இரண்டு நாள் வேலையை விடவேண்டும். இரண்டு பக்கத்து நட்டத்தையும் எடைபோட்டு, அந்த வார்டின் மருத்துவர்களும் செவிலியர்களும் உட்கார்ந்து பேசித்தான் அந்த எண்ணை வைக்கமுடியும்.

வைத்த பின் அது எப்படிப் பயன்படும் என்பதற்கு, இப்படி ஒரு காலையைக் கற்பனை செய்யலாம். மூன்றாம் நாள், மாதிரி தரும் எண் 18 விழுக்காடு. மருத்துவர் சோற்றைத் தள்ளிவைத்து, மறுநாளும் சி.ஆர்.பி. எடுக்கச் சொல்கிறார், நாடித் துடிப்பு கூடியிருப்பதால் ஸ்கேனும் பார்க்கப்படுகிறது, கசிவு தெரியவில்லை. ஐந்தாம் நாள் துடிப்பு இறங்கி, சி.ஆர்.பி. பாதியாகி, எண் 6 ஆகிறது. படுக்கை தேவைப்படுகிறது, ஆனாலும் 6 என்பது சுழியன்று. உறவினரான அம்மா வழக்கமான கேள்வியோடு வாசலில் நிற்கிறார். “டிஸ்சார்ஜ் எழுதித் தரேன்மா. ஆனா இப்பவே தீவுக்குப் போகவேண்டாம். ராம்நாட்டில் சொந்தக்காரங்க யாராவது இருந்தா, திங்கட்கிழமை வரைக்கும் அங்கேயே தங்குங்க. காய்ச்சல் வந்தாலோ வயிறு வீங்கினாலோ நேரா இங்க வந்திடுங்க, வேற எங்கயும் போகாதீங்க” என்கிறார் மருத்துவர். கேணிக்கரையில் தங்கை வீடு இருப்பதாக அந்த அம்மா சொல்ல, கேஸ் ஷீட்டின் ஓரத்தில் தங்கையின் தொலைபேசி எண்ணும் எழுதப்படுகிறது.